பத்து நிமிஷத்தில் வெந்துவிடும் என்றவள்

சமையல் மேடையில் வைத்துச் சமைக்கிற சின்னச் சின்ன மின்சாரச் சாமான்களை வாங்கலாமா வேண்டாமா என்று என் மருமகள் அடிக்கடி கேட்பாள். போனில் படத்தைக் காட்டுவாள். "அத்தை, இது எண்ணெயே இல்லாம பொரிக்குமாம்." இன்னொரு நாள், "அத்தை, இது சூப்பும் வெக்குமாம், மாவும் பிசையுமாம், ஐஸும் உடைக்குமாம்."

என் பதில் எப்போதும் ஒன்றுதான். "கழுவுறதுக்கு எத்தனை துண்டா கழலும்னு கேளு."

அவளுக்குக் கோபம் வரும். வரட்டும். இந்தச் சாமான்களைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. வீட்டுச் சாமான் விற்கிற பெரிய கடை ஒன்றில், செய்துகாட்டும் மேடைக்குப் பின்னால் இருந்த தொட்டியில் இவற்றை எல்லாம் கழுவினவள் நான். ரொட்டி வாட்டுகிற பெட்டியின் இடுக்கில் சீஸ் உருகி ஒட்டினால் அது எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். பழம் பிழிகிற மிஷினுக்குள் இருக்கிற சல்லடையைப் பார்த்தாலே இன்றைக்கும் எனக்கு முதுகு வலிக்கும். அட்டைப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் சாமானைக் கவிழ்த்துப் பார்த்தால் அது உங்கள் வீட்டில் எத்தனை நாள் மேடையில் இருக்கும், எப்போது பரணுக்குப் போகும் என்று சொல்லிவிடுவேன்.

இருந்தாலும், வாங்கலாமா என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது சாமான் இல்லை. ருசிக்காரிதான்.

அந்தக் கடையில் அவளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் டிவிகள் வரிசையாகப் பாடிக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் இருக்கும். எதிர்ப் பக்கத்தில் ஒரு வெள்ளை மேஜை. அதன் மேல் ஏர் ஃப்ரையர், கெட்டில், ரொட்டி வாட்டி, சின்ன ரைஸ் குக்கர், கையில் பிடித்து அரைக்கிற மிக்ஸி. மேஜைக்குப் பின்னால் ஆரஞ்சு நிற மேலங்கி போட்டுக்கொண்டு இவள். கடை திறந்ததிலிருந்து மூடுகிறவரை நின்றுகொண்டே கொஞ்சம் கொஞ்சமாகச் சமைப்பாள். வெந்ததைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் பல்குத்தும் குச்சியைச் செருகி, தட்டை நீட்டுவாள்.

"ருசி பாருங்க. ருசி பாக்கக் காசில்ல. வாங்கியே ஆகணும்னும் இல்ல."

குரலில் ஒரு இனிப்பு இருக்கும். போகிறவர்கள் நின்றுவிடுவார்கள். நின்றதும் அவள் பேச ஆரம்பிப்பாள்.

"எங்க வீட்டுல இதைத்தான் வெச்சிருக்கோம். என் பொண்ணு இருக்காளே, காலையில எழுந்திருக்கறதே கடைசி நிமிஷம். ஒரு கால்ல செருப்பு, ஒரு கையில சீப்பு. அப்படியே ஓடிடுவா. இதுல நாலு உருளைக்கிழங்கைப் போட்டு விட்டுட்டு நான் அவளுக்குத் தலை பின்னுவேன். பின்னி முடிக்கறதுக்குள்ள வெந்துடும். பத்தே நிமிஷம்."

இன்னொரு கூட்டத்துக்கு வேறு கதை. "என் பொண்ணு பீட்ரூட்டைக் கண்டா எழுந்தே போயிடுவா. சூப்பா அரைச்சுக் குடுத்தேன், ரெண்டு கிண்ணம் குடிச்சுட்டு ‘இது என்னம்மா, தக்காளியா?’ன்னா."

கேட்கிற தாய்மார்கள் சிரிப்பார்கள். தங்கள் பிள்ளைகளைத் திரும்பிப் பார்ப்பார்கள். அப்புறம் விலை கேட்பார்கள். நான் பின்னறையில் நின்று அந்தக் கதைகளை நாள் முழுக்கக் கேட்பேன். அந்தப் பெண்ணுக்குத் தேங்காய் எண்ணெய் வாசம் பிடிக்காது, கறிவேப்பிலையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவாள், மழை நாளில் சோளம் கேட்பாள், அழுதால் மூக்கு மட்டும் சிவக்கும். எல்லாம் எனக்கு மனப்பாடம். என் சொந்தப் பிள்ளைகளைப் பற்றிக்கூட யாராவது கேட்டால் இத்தனை சொல்ல மாட்டேன்.

அத்தனையும் பொய். பெண் இருந்தது மட்டும் நிஜம்.

கணவன் போய்ச் சேர்ந்தபோது அந்தக் குழந்தைக்குக் கரண்டி பிடிக்கத் தெரியாது. ருசிக்காரிக்கு இந்த வேலை கிடைத்தது. காலையில் போனால் இருட்டின பிறகுதான் வீடு. குழந்தையை யார் பார்ப்பது? நாத்தனார் வேறு ஊரில் இருந்தாள், பிள்ளை இல்லாதவள், நல்லவள். "நீ ஒரு நல்ல வீடா பாத்து நிலைச்சதும் கூட்டிக்கிட்டுப் போ, அதுவரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டு போனாள். அதில் யார் மேலும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நல்ல வீடு கிடைக்கவே இல்லை. கிடைத்தது ஒரு அறை. சைக்கிள் பழுது பார்க்கிற கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில், ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு ஜன்னல். குழாய் படிக்கட்டுத் திருப்பத்தில். அடுப்பு மூட்ட இடமில்லை. சுவரில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட், அதில் போனுக்குச் சார்ஜ் போடுவாள். அவ்வளவுதான்.

ராத்திரிச் சாப்பாடு மேஜையில் மிச்சமான துண்டுகள். ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு போவாள். "அக்கா, பல்குத்தும் குச்சி இல்லாம ஒரு உருளைக்கிழங்கைச் சாப்பிட்டு எத்தனை நாளாச்சு தெரியுமா" என்று ஒருமுறை சிரித்தாள். ஊருக்கெல்லாம் சமையல் மேடையை அழகாக்கிக் கொடுத்தவள் வீட்டில் ஒரு வெந்நீர் வைக்கப் பாத்திரமில்லை.

பண்டிகை நாள், விடுமுறை நாள் எல்லாம் கடையில் கூட்டம் அதிகம். அதனால் அவளுக்கு லீவு கிடைப்பது ஒன்றுமில்லாத நாட்களில்தான். பஸ் ஏறிப் போய் மகளைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுவாள். திரும்பி வந்தால் அடுத்த சில நாள் கதைகள் நிறைய வரும். "என் பொண்ணு என்னை விட உயரமாயிட்டா" என்று ஒரு மாதம் சொன்னாள், அது உண்மை. அதற்குப் பின்னால் சேர்த்துக்கொண்டது எல்லாம் அவள் கற்பனை. "மேல் அலமாரியில இருக்கற மிக்ஸியை அவதான் எடுத்துத் தருவா." எங்கே இருக்கிறது அலமாரி?

ஒரு நாள் வயதான கணவன் மனைவி வந்தார்கள். அந்த அம்மாவுக்கு ரைஸ் குக்கர் வேண்டும், ஐயாவுக்கு வேண்டாம்.

"இது இல்லாம இத்தனை நாள் நீ சோறு வடிக்கலியா?" என்றார் அவர்.

"இத்தனை நாள் வடிச்சாச்சு, அதனாலதான் கேக்குறேன்."

"கரண்ட் போனா?"

"கரண்ட் போனா நீங்க வடிங்க."

ருசிக்காரி நடுவில் நுழைந்து தன் மகள் கதையை ஆரம்பித்தாள். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க வீட்டுல இதோட மூடி உடைஞ்சா தனியாக் கிடைக்குதா? நீங்க மாத்தியிருக்கீங்களா?" என்றாள். சாதாரணக் கேள்வி. ருசிக்காரி தட்டைக் கீழே வைத்துவிட்டாள். ஒரு சாமானை வைத்துப் புழங்கினால்தானே மூடி உடையும்? அன்றைக்கு அவள் தொட்டிப் பக்கம் வந்து, "அக்கா, என் வீட்டுல உடையக்கூட ஒண்ணுமில்லக்கா" என்றாள். நான், "உடையாதது நல்லதுதானே, தொல்லை மிச்சம்" என்றேன். அது அவளுக்குச் சமாதானமாகவில்லை என்று எனக்கும் தெரியும்.

இப்படி இருக்கும்போதுதான் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. பெண் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள். கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, இந்த ஊரிலேயே. ஹாஸ்டலில் தங்குவதா, அம்மாவோடு தங்குவதா என்று இன்னும் முடிவாகவில்லை. "அவ இஷ்டம். முதல்ல வந்து உன் இடத்தைப் பாக்கட்டும்" என்றாளாம் நாத்தனார்.

ருசிக்காரி அதை என்னிடம் சொன்னபோது அவள் கையில் குச்சி செருகாத உருளைக்கிழங்குத் துண்டு இருந்தது. அதை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். வாடிக்கையாளர் யாரோ கை நீட்டி வாங்கிக்கொண்டு போனது கூட அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் அவள் மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டு மேஜைக்கு இந்தப் பக்கம், வாங்குகிறவர்கள் நிற்கிற பக்கம், வந்து நின்றாள். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு விலையைக் குறைத்துக் கொடுப்பார்கள், அதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. இத்தனை வருஷத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை. எதிர்ப் பக்கத்து டிவிக்காரர், நரைத்த மீசைக்காரர், எப்போதும் அவளைச் சீண்டுகிறவர், ஓடி வந்து அவளுடைய மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டார். அது அவருக்கு நெஞ்சோடு நின்றுவிட்டது.

"வாங்கம்மா, வாங்க. ருசி பாக்கக் காசில்ல."

"தள்ளுங்க, எனக்கு வேலை இருக்கு."

"வாடிக்கையாளர் இப்படிப் பேசலாம், நாங்க கோவிச்சுக்க மாட்டோம். என்ன பாக்கறீங்க?"

"ஏர் ஃப்ரையர். சின்னது. கெட்டில் ஒண்ணு. ரைஸ் குக்கர், ரெண்டு பேருக்குப் போதுமானது." ரெண்டு பேருக்கு என்று சொல்லும்போது இரண்டு விரலையும் தூக்கிக் காட்டினாள்.

"அருமையான தேர்வு. எங்க வீட்டுலயும் இதைத்தான் வெச்சிருக்கோம். என் பொண்ணு இருக்காளே..." என்று அவர் அவள் குரலிலேயே ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். அவருக்கும் தெரியும். கடையில் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தரும் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

"சொல்லுங்க," என்றாள் அவள். "ஏன் நிறுத்திட்டீங்க? இனிமே அது பொய்யில்ல."

சாமான்களை அவளும் நானும் ஆளுக்கு ஒன்றாக மூன்றாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஒரு பிளக் பாயிண்டுக்கு மூன்று சாமான். எதை எங்கே வைப்பது என்று மேஜையில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். கடைசியில் கடை மேஜையில் இருக்கிற வரிசையிலேயே வைத்தாள். முகப்பை வெளியே பார்த்துத் திருப்பி, பளபளப்பு தெரிகிற மாதிரி. "ஏம்மா, இங்க யாரு வந்து வாங்கப் போறா, சுவர்ப் பக்கம் தள்ளி வை" என்றேன். கேட்கவில்லை.

பெண் ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பேச்சு. ஆனால் சனிக்கிழமை மதியமே வந்துவிட்டாள். அறைக்குப் போகவில்லை, நேராகக் கடைக்கு.

சனிக்கிழமை என்றால் கூட்டம் நெரியும். நான் பின்னறையிலிருந்து உருளைக்கிழங்குத் தட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். நிமிர்ந்தபோது கூட்டத்தின் கடைசியில் ஒரு பெண் நிற்கிறாள். தோளில் பை. புருவம் அப்படியே ருசிக்காரி. எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. பேசிக்கொண்டிருந்தவளுக்குத் தெரியவில்லை. அவள் தன் பேச்சின் உச்சத்தில் இருந்தாள்.

"என் பொண்ணு பீட்ரூட்டைக் கண்டா எழுந்தே போயிடுவாங்க. அதை நான் எப்படிச் சாப்பிட வெச்சேன்னு கேளுங்க..."

நான் அவள் மேலங்கியைப் பிடித்து இழுத்தேன். "இருங்கக்கா" என்று கையைத் தட்டிவிட்டாள்.

"எனக்கு பீட்ரூட் பிடிக்கும்," என்றாள் அந்தப் பெண். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் முன்னால் இருந்தவர்கள் திரும்பினார்கள். "அத்தை வீட்டுல அடிக்கடி பண்ணும். நான் நல்லாவே சாப்பிடுவேன்."

ருசிக்காரியின் கையில் இருந்த மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்தது. சூப்புக் கிண்ணத்திலிருந்து சிவப்பாய்த் தெறித்து மேஜையெல்லாம் நனைந்தது. நான்தான் சுவிட்சை அணைத்தேன்.

முன்வரிசையில் நின்ற ஒரு அம்மா மலர்ந்துபோய், "ஓ, இதுதான் உங்க பொண்ணா? நல்லதாப் போச்சு, இவளே சொல்லட்டும். ஏம்மா, உங்கம்மா வீட்டுல நிஜமாவே இதுலதான் சமைக்கிறாங்களா? இல்ல, சும்மா விக்கறதுக்குச் சொல்றாங்களா?" என்றாள்.

அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைத்த இடத்தையே. பெண் கையை நீட்டித் தட்டிலிருந்து ஒரு உருளைக்கிழங்குத் துண்டை எடுத்தாள். மெதுவாக மென்றாள்.

"நல்லா இருக்கு," என்றாள். "வெளியில மொறுமொறுன்னு இருக்கு. உள்ள நல்லா வெந்திருக்கு."

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு அது போதும், ஒன்று வாங்கிக்கொண்டு போனாள். என்ன குணம் அந்தப் பெண்ணுக்கு என்று எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. ஊர் முன்னால் தாயை விட்டுக்கொடுக்கவில்லை. கட்டிக்கொண்டு அழவும் இல்லை.

அன்றைக்கு மேனேஜரிடம் சொல்லிவிட்டு ருசிக்காரி சாயங்காலமே கிளம்பிவிட்டாள். தாயும் மகளும் கடை வாசலைத் தாண்டிப் போவதை நானும் டிவிக்காரரும் பார்த்துக்கொண்டு நின்றோம். இருவருக்கும் நடுவே இன்னும் ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு இடைவெளி இருந்தது. "நடை ஒண்ணுபோல இருக்கு பாருங்க" என்றார் அவர். எனக்கு இடைவெளிதான் தெரிந்தது.

மறுநாள் அவள் தொட்டியோரம் வந்து நின்றபோது முகம் வெந்நீர் ஊற்றிய கீரை மாதிரி வாடியிருந்தது. நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"ரூமுக்குள்ள வந்தவகிட்ட முதல் வார்த்தையா நான் என்ன சொன்னேன் தெரியுமாக்கா? ‘இது எண்ணெய் இல்லாமலே பொரிக்கும்’னேன். உக்காரக்கூடச் சொல்லல. அவ நிக்கறா, நான் கூடையை இழுத்துக் காட்டறேன், பட்டனைக் காட்டறேன். எனக்கே கேக்குது, நிறுத்த முடியல."

"அவ என்ன சொன்னா?"

"‘நல்லா இருக்கும்மா, நீங்க உக்காருங்க’ன்னா. நாத்தனாரை வா போன்னு பேசறா. என்னை நீங்கன்னு பேசறா."

"சரி, அப்புறம்?"

"உருளைக்கிழங்கு நறுக்கிப் போட்டேன். பத்து நிமிஷம் வெச்சேன். பேசிட்டே இருக்கோம். மணி அடிச்சிச்சு. எடுத்துக் குடுத்தேன். வாயில போட்டா, நறுக்குன்னு சத்தம் கேக்குது. மேல செவந்திருக்கு, உள்ள பச்சை. இன்னொரு பத்து நிமிஷம் வெச்சேன், ஓரமெல்லாம் கருகிடுச்சு, நடுவுல அப்பவும் கல்லு. மிஷின் கோளாறா இருக்கும்க்கா. மாத்தித் தரச் சொல்லணும்."

நான் கழுவிக்கொண்டிருந்த கூடையைத் தொட்டியில் வைத்தேன். "வேகவெச்சுப் போட்டியா?"

"எதை?"

"கிழங்கை."

"ஏன் வேகவெக்கணும்? அதுலதானே வேகும்."

"ஏம்மா, இத்தனை வருஷமா பின்னறையில நான் அடுப்புல பானை வெச்சு என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்னு நெனச்சே? ஆவி பிடிச்சிக்கிட்டிருந்தேனா? அரை வேக்காடு வெச்சு, தண்ணி வடிச்சு, ஆறவெச்சுத்தானே உன் மேஜைக்குத் தட்டு வருது? கூட்டம் நிக்கற பத்து நிமிஷத்துல அது வெந்தாகணும்னுதானே கம்பெனிக்காரன் அப்படிச் செய்யச் சொன்னான்?"

அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாமல் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் முன்னால்தான் சொன்னார்கள். ஆனால் நாளெல்லாம் பத்து நிமிஷம், பத்து நிமிஷம் என்று சொல்லிச் சொல்லி, சொன்ன வாய்க்கே அது சத்தியமாகிவிட்டது. கேட்டவர்கள்கூட வீட்டுக்குப் போய் ஒரு நாள் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பார்கள். அவளுக்குத்தான் செய்து பார்க்க வீட்டில் ஒன்றும் இருந்ததில்லை.

முதலில் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியில ரொட்டி வாங்கிட்டு வந்து சாப்பிட்டோம்க்கா. கெட்டில்ல தண்ணி காயவெச்சு டீ போட்டேன். அது மட்டும் நல்லா இருந்துச்சு. ரெண்டு தடவை குடிச்சா. படுக்கறதுக்கு முன்னாடி கேட்டேன், ‘இங்கயே இருக்கியாம்மா’ன்னு. ‘பாத்துட்டு சொல்றேன்’னா."

அந்த மேஜைக்குப் பின்னால் நின்றவளுக்கு அந்த வார்த்தையின் எடை தெரியும். பார்த்துட்டு சொல்றேன் என்று போனவர்கள் திரும்பி வந்து அவள் பார்த்ததில்லை.

பெண் ஹாஸ்டலைத்தான் எடுத்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல என்னால் முடியாது. ஒரு கட்டில் அறை, பழக்கமில்லாத தாய், படிக்க இடமில்லை. சேர்கிற நாளில் ருசிக்காரி கெட்டிலைத் திரும்பவும் அட்டைப் பெட்டியில் போட்டு, தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். "டீயாவது என் சாமான்ல போட்டுக் குடிக்கட்டும்" என்றாள். ஒரு வாரத்துக்குள் பெண் அதைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். ஹாஸ்டலில் மின்சாரச் சாமான் எதுவும் வைத்துக்கொள்ளக்கூடாதாம், வார்டன் கண்ணில் பட்டால் பிடுங்கி வைத்துக்கொள்வார்களாம்.

"இங்கயே இருக்கட்டும்மா," என்றிருக்கிறாள். "டீ வேணும்னா நான் வந்து போட்டுக்குறேன்."

ருசிக்காரி மாற்றுச் சாவியை அவளிடம் கொடுத்தாள்.

அதற்குப் பின்னால் அவள் காலையில் கிளம்புகிறபோது கெட்டிலில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டு வருவாள். பெண் வந்தால் படிக்கட்டுக் குழாய்க்கு இறங்க வேண்டாம், பட்டனைத் தட்டினால் போதும். அந்தக் கெட்டிலின் பக்கவாட்டில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று தெரிகிற மாதிரி ஒரு கண்ணாடிக் கோடு உண்டு. வேலை முடிந்து அறைக்குப் போனதும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அந்தக் கோட்டைத்தான் பார்ப்பாளாம். கையை வைத்தும் பார்ப்பாளாம், சூடு மிச்சமிருக்கிறதா என்று. பெண்ணுக்கு வகுப்பு முடிகிறது மதியம், தாய் வீட்டுக்குப் போகிறது இருட்டின பிறகு. அதனால் சூடு இருந்ததே இல்லை.

காலையில் கடைக்கு வந்ததும் எனக்குச் செய்தி வரும். மேலங்கியை மாட்டிக்கொண்டே சொல்வாள். "கோடு இறங்கலக்கா." நாலைந்து நாள் அப்படியே போகும். ஒரு நாள் ஓடி வருவாள். "இறங்கிச்சு."

"கோப்பை?"

"கழுவிக் கவிழ்த்து வெச்சிருந்தா. டீத்தூள் டப்பா, சக்கரை டப்பா, எல்லாம் இருந்த இடத்துலயே. வந்துட்டுப் போன தடமே இல்லக்கா. அந்தக் கோடு இல்லேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

வளர்ப்பு நல்ல வளர்ப்பு என்று நான் நாத்தனாரைப் புகழ்ந்தேன். ருசிக்காரி தலையை ஆட்டினாள். சந்தோஷமாக ஆட்டின மாதிரி இல்லை. யோசித்துப் பார்த்தால் எனக்கும் சரியாகப் படவில்லை. அடுத்தவர் வீட்டில்தானே நாம் குடித்த கோப்பையைக் கழுவிக் கவிழ்ப்போம்?

மேஜையில் அவள் பேச்சும் மாறிவிட்டது. மகள் கதைகள் நின்றுவிட்டன. "கிழங்கைப் போடறதுக்கு முன்னாடி அரை வேக்காடா வேகவெச்சுக்கணும்ங்க. பச்சையாப் போட்டா நேரமாகும்" என்று உண்மையைச் சொல்ல ஆரம்பித்தாள். மேனேஜர் வந்து, "இதையெல்லாம் உன்னை யாரு சொல்லச் சொன்னது?" என்றார். "யாரும் சொல்லல சார், அதான் நான் சொல்றேன்" என்றாள். விற்பனை கொஞ்சம் படுத்தது. ஒரு அம்மா, "உங்க வீட்டுல எது வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். "மூணு வெச்சிருக்கேன். புழங்கறது கெட்டில் ஒண்ணுதான்" என்றாள் ருசிக்காரி. அந்த அம்மா கெட்டிலையே வாங்கிக்கொண்டு போனாள்.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. பெண்ணுக்குப் பரீட்சை. கோடு இறங்காமலேயே பல நாள். ருசிக்காரி தினமும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புவாள். "எதுக்குக் கொட்டறே, நல்ல தண்ணிதானே" என்றால், "வந்தா பழசையா குடிப்பா?" என்பாள். ஆக்கப் பொறுத்தவள் ஆறப் பொறுக்கக் கூடாதா என்று நான் பழமொழி சொன்னேன். "எனக்கு ஆக்கறதுக்கே நேரம் வரலியேக்கா" என்றாள்.

ஒரு நாள் காலை அவள் வந்து, மேலங்கியை மாட்டாமல், தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"கோடு இறங்கிச்சா?" என்றேன்.

"இறங்கிச்சு."

"அப்புறம் என்ன?"

"கோப்பையைக் கழுவலக்கா." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "மேஜை மேலயே வெச்சிட்டுப் போயிட்டா. அடியில ரெண்டு மடக்கு மிச்சம். சக்கரை டப்பா மூடியைக்கூட மூடல. துண்டு ஒண்ணு கட்டில்ல ஈரமாக் கிடக்கு, மழையில நனைஞ்சு வந்து தலையைத் துவட்டியிருக்கா போல. ஜன்னல் திறந்து கிடக்கு. பிளக்கைப் பிடுங்கவே இல்ல."

என் காலம் முழுக்க அடுத்தவர்கள் போட்டுவிட்டுப் போன எச்சில் கோப்பைகளைக் கழுவினவள் நான். ஒரு கோப்பை அழுக்காகக் கிடந்தால் எனக்குக் கை துறுதுறுக்கும். இருந்தும் அன்றைக்குக் கேட்கப் பயமாக இருந்தது.

"கழுவிட்டியா?"

"இல்லக்கா."

"எறும்பு வருமே."

"வந்துச்சு," என்றாள் ருசிக்காரி. "ஒரு தட்டுல தண்ணி ஊத்தி, கோப்பையை நடுவுல வெச்சிருக்கேன்."